பழைய சாக்சபோனை இனங்காணலும் மதிப்பிடலும்

பழையது என்பது கொண்டே ஒரு பொருளை அரும்பொருள் என மதிப்பாரும், பழையது என்பது கொண்டே அதனைப் பித்தளை விலைக்குத் தள்ளிவிடுவாரும் நம்மிடையே உளர். இவ்விரு சாராரும் வழுவுதற்கு இடமாவது சாக்சபோன் என்னும் இசைக்கருவி. ஆங்கிலேயர் ஆட்சிக் காலத்திற் படையணிகளின் வாத்தியக் குழுக்கள் வாயிலாகவும் நடன மண்டபங்கள் வாயிலாகவும் கொழும்பிற் பரவிய இக்கருவி, பின்னர்ப் பைலா இசைக்கும் திருமணக் கொண்டாட்டங்களுக்கும் உரியதாயிற்று. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பழைய வீடொன்றை ஒழிக்கும்போது அத்தகைய கருவியொன்று பெட்டியோடு வெளிப்படுமாயின், அதனை இன்னதெனத் துணிவது எங்ஙனம், மதிப்பது எங்ஙனம் என்பவற்றை ஈண்டு நோக்குவாம்.

பெல்ஜிய நாட்டின் டினான் நகரில் 1814ஆம் ஆண்டு பிறந்த அடோல்ஃப் சாக்ஸ் என்பார் இக்கருவியை ஆக்கி, 1846இற் பாரிஸ் மாநகரிற் காப்புரிமை பெற்றார். உடல் பித்தளையேயாயினும் இது மரத்துளைக் கருவிகளின் இனத்தைச் சார்ந்தது. நாணற்பட்டையின் அதிர்வினால் ஒலி பிறத்தலே அதற்குக் காரணம். நாகசுரத்தைப் போன்று இதன் குழலும் மேலே குறுகிக் கீழே விரியும். நாகசுரத்தின் சீவாளி இரட்டைப் பட்டையுடையது. சாக்சபோனுக்கோ ஒற்றைப் பட்டையே. சொப்ரானோ, அல்ற்றோ, ரெனர், பரிற்றோன் என்பன இன்று பெருவழக்கிலுள்ள வகைகள். அல்ற்றோவுக்கும் ரெனருக்கும் இடைப்பட்ட ‘ஸி மெலடி’ என்னும் வகை 1920களில் அமெரிக்காவிற் பெருந்தொகையாக விற்பனையாகிப் பின்னர் வழக்கொழிந்தது.

இனங்காண்பதற்கு முதற்கண் நோக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, விரிந்த வாய்ப்புறத்திற் செதுக்கப்பட்ட பெயர். மற்றொன்று, உடலின் பின்புறத்தே, வலக்கைப் பெருவிரல் தாங்கியை அடுத்துப் பெரும்பாலும் பொறிக்கப்பட்டிருக்கும் தொடர் எண். இவற்றுள் பெயரை மட்டும் நம்புதல் தகாது. பெருந்தொழிற்சாலைகள் பல, தாம் செய்த கருவிகளின்மேல் விற்பனை நிலையங்களின் பெயரைப் பொறித்து அனுப்புவதை வழக்கமாகக் கொண்டிருந்தன. அங்ஙனமாயின் செய்தோரை உடலமைப்பே காட்டிக்கொடுக்கும். துளைகளின் விளிம்பு வெளிப்புறமாகச் சுருட்டப்பட்டிருப்பின், 1947 வரையில் அம்முறையைக் கையாண்ட கொன் நிறுவனத்தின் கைவண்ணமெனக் கருத இடமுண்டு. துளைக் குழாய்கள் தனித்தனியே பற்றாசு வைத்து ஒட்டப்பட்டிருப்பின் மார்ட்டின் நிறுவனத்தை நினைத்தல் பொருந்தும்.

தொடர் எண்ணும் அதனைப் பொறித்த நிறுவனத்தோடு சேர்த்து வாசிக்கப்படும்போதே பொருள் தரும். பிரான்சின் செல்மர் நிறுவனம் 1954இற் செய்யத் தொடங்கிய ‘மார்க் ஆறு’ என்னும் புகழ்பெற்ற வகை 55,000ஐ ஒட்டிய எண்களோடு தொடங்குகிறது. அதே எண் கொன் கருவியொன்றிற் காணப்படின் அது 1920ஐ ஒட்டிய காலத்தது. செல்மர் எண்கள் 1962ஆம் ஆண்டளவில் 100,000ஐ எட்டின. அதற்கு முற்பட்ட ஐந்திலக்க ‘மார்க் ஆறு’ கருவிகளைச் சேகரிப்போர் பெரிதும் நாடுவர்.

இனி, மதிப்பிடுவோர் பெரும்பாலும் மறந்துவிடும் ஒன்று உளது. அதுவே சுருதி. சுருதி மாதா என்பது நம் முன்னோர் வாக்கு. இன்று உலகெங்கும் ‘ஏ’ என்னும் சுரம் நொடிக்கு 440 அதிர்வுகளாகக் கொள்ளப்படுகிறது. பிரித்தானியப் படை வாத்தியக் குழுக்களோ 1920களின் இறுதிவரை ஏறத்தாழ 452 அதிர்வுகளையுடைய உயர் சுருதியையே கையாண்டன. அமெரிக்காவில் 457 அளவிலும் கருவிகள் செய்யப்பட்டன. முன்னைய வேறுபாடு அரைச்சுர இடைவெளியின் ஏறத்தாழப் பாதியாகும். வீணையாயின் தந்தியைத் தளர்த்தலாம். சாக்சபோனின் துளைகளோ இடம்பெயரா. ஊதுமுனையை வெளியே இழுப்பின் மேற்சுரங்கள் மிகுதியாகவும் கீழ்ச்சுரங்கள் குறைவாகவும் தாழ்ந்து சுரங்களின் ஒழுங்கே கெடும். பிரித்தானியர் ஆண்ட நாடாதலின் இங்கு கிடைக்கும் மிகப் பழைய கருவிகளில் இச்சோதனை இன்றியமையாதது. அமெரிக்கக் கருவிகளில் எண்ணின் அருகே ‘எச்’ அல்லது ‘எச்.பி.’ என்று இருப்பின் உயர் சுருதி. ‘எல்’ அல்லது ‘எல்.பி.’ என்று இருப்பின் இன்றைய சுருதி. குறியீடு இல்லாவிடின் கைத்தொலைபேசியிலுள்ள சுருதிமானியே போதும்: அல்ற்றோவில் ‘எஃப் ஷார்ப்’ சுரத்தையும் ரெனரில் ‘பி’ சுரத்தையும் ஊதின் ‘ஏ’ ஒலித்தல் வேண்டும்.

அடுத்தது உடல்நிலை. கடற்காற்று வீசும் வெள்ளவத்தையிலும் துறைமுகத்தை அண்டிய கொட்டாஞ்சேனையிலும் பித்தளைக்குப் பகை உப்பும் ஈரமுமாம். பித்தளையிலுள்ள துத்தநாகம் அரிக்கப்பட்டுச் செம்பு மட்டும் எஞ்சும்போது இளஞ்சிவப்புப் புள்ளிகள் தோன்றும். அவை ஆழ்ந்திருப்பின் தகடு நலிந்துவிட்டதென்க. துளைகளை மூடும் தோல் வில்லைகள் பூஞ்சணம் பற்றி இறுகிப்போதலும் இயல்பே. அவற்றை மாற்றலாம், ஆயின் அச்செலவை விலையிற் கழித்தே கணக்கிடல் வேண்டும். கழுத்துப் பகுதி வேறொரு கருவிக்குரியதாயின், அன்றி வளைந்து நிமிர்த்தப்பட்டதாயின், மதிப்புக் குறையும்.

உரியவர் இழைக்கும் பெருந்தவறு, விற்பதற்கு முன் கருவியைப் பளபளப்பாக்குதல். பொறிகொண்டு தேய்க்குங்கால் தகடு மெலிகிறது. செதுக்கு வேலைப்பாடும் எண்ணும் மங்குகின்றன. பழைய பூச்சு பாதி உதிர்ந்த கருவியே, புதுப்பூச்சுப் பெற்ற அதே கருவியினும் கூடிய விலைக்கு விற்கப்படுகிறது. ஆதலின் மெல்லிய துணியால் தூசு துடைப்பதோடு நின்றுவிடுதல் நன்று. விலையைத் துணிதற்கு, அதே நிறுவனம் அதே வகையில் அதே காலத்திற் செய்த கருவிகள் அண்மையில் உண்மையாக விற்கப்பட்ட தொகையையே அளவுகோலாகக் கொள்க. கேட்கும் விலை வேறு, கிடைக்கும் விலை வேறு. நூறாண்டு கடந்த ‘ஸி மெலடி’ மிகக் குறைந்த விலைக்குப் போவதும், அதனினும் இளைய ‘மார்க் ஆறு’ பன்மடங்கு பெறுவதும் இவ்வழியாற் புலப்படும்.

சந்தை மதிப்பு இதனோடு முடிகிறது. இசை மதிப்பு முடிவதில்லை. தென் கன்னடப் பகுதியில் 1949இல் நாகசுரக் கலைஞர் ஒருவருக்கு மகனாகப் பிறந்த கத்ரி கோபால்நாத், மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவிற் சாக்சபோனைக் கேட்டு அதனை வரித்துக்கொண்டு, கருநாடக இசைக்குரிய கமகங்களை அதிலே வாசித்துக் காட்டினார். 1994இல் வெளிவந்த ‘டூயட்’ திரைப்படத்தின் வாயிலாக அவரது வாசிப்பு தமிழ் மக்களிடையே வீடுதோறும் சென்றது. 2019இல் அவர் மறைந்தார். அவர் திறந்த வழியே நோக்கின் ஓர் உண்மை தோன்றும். மேனாட்டுக் குழுவில், எல்லாக் கருவிகளும் ஒரே சுருதியில் நிற்க வேண்டியிருத்தலின், உயர் சுருதிச் சாக்சபோனுக்கு இடமில்லை. நம் கச்சேரியிலோ முதன்மைக் கலைஞரின் சுருதிக்கே தம்புராவும் வயலினும் மிருதங்கமும் சேர்க்கப்படுகின்றன. ஆதலின் சந்தை ஒதுக்கிய உயர் சுருதிக் கருவியும் உடல் நன்னிலையில் இருப்பின் நம் மாணவர் ஒருவர் கையில் வாழ இடமுண்டு. அத்தகைய கருவி கிடைக்கப்பெற்றோர் பழைய பித்தளை வணிகரை அழைக்குமுன், அதனை ஊதத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து ஊதுவித்துக் கேட்பாராக.