இரண்டரை மணி நேரம் இருந்தும் அழிந்த ஊர்

எரிமலை வெடித்தது இரவு 9 மணி 8 நிமிடத்துக்கு. சேற்று வெள்ளம் ஊருக்குள் நுழைந்தபோது மணி ஏறத்தாழ 11.30. இடையில் இரண்டரை மணி நேரம் இருந்தது. ஏறித் தப்பிக்க மேட்டு நிலமும் நடந்து போகும் தூரத்தில்தான் இருந்தது. அப்படியும் அந்த ஒரு ஊரில் மட்டும் 20,000 பேருக்கு மேல் இறந்துபோனார்கள்.

தென் அமெரிக்காவில், கொலம்பியா நாட்டில் இருந்த அந்த ஊரின் பெயர் ஆர்மெரோ. நடந்தது 1985 நவம்பர் 13 அன்று. எங்கோ நடந்த பழைய கதை நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். 2004இல் சுனாமியைப் பார்த்த கடற்கரைக் குடும்பங்களுக்கு இதில் பழக்கமான சில விஷயங்கள் இருக்கின்றன.

அந்த எரிமலையின் பெயர் நெவாடோ டெல் ரூயிஸ். உயரம் 5,300 மீட்டருக்கு மேல். கன்னியாகுமரியைவிடப் பூமத்திய ரேகைக்கு நெருக்கமான இடம்தான், ஆனால் அவ்வளவு உயரத்தில் குளிர் அதிகம் என்பதால் உச்சியில் எப்போதும் பனி இறுகிக் கிடக்கும். இப்படி ஆண்டுக்கணக்கில் சேர்ந்து இறுகி, தன் எடையாலேயே மெல்லக் கீழே நகரும் பனியைப் பனியாறு என்கிறோம். மேலே பனியாறு, உள்ளே நெருப்பு. ஆபத்து இந்தச் சேர்க்கையில்தான் இருக்கிறது.

அன்றைய வெடிப்பு எரிமலைகளின் கணக்கில் சிறியதுதான். ஆனால் கொதிக்கும் சாம்பலும் கல்லும் வாயுவும் பனியின் மேல் பாய்ந்தன. உருகியது மொத்தப் பனியில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குத்தான். அந்தத் தண்ணீர் செங்குத்தான பள்ளத்தாக்குகளில் இறங்கும்போது மண்ணையும் பாறையையும் மரத்தையும் வாரிச் சேர்த்துக்கொண்டு, தொடங்கிய அளவைப்போல நான்கு மடங்கு வரை பெருகியது. ஈரமான சிமெண்ட் கலவை ஆறாக ஓடுவதுபோல் இருக்கும் இதற்கு லஹார் என்று பெயர். இது இந்தோனேசியாவின் ஜாவா மக்களிடமிருந்து வந்த சொல். மலையின் மேற்குப் பக்கம் இறங்கிய வெள்ளத்தில் சின்சினா என்ற ஊரில் ஏறத்தாழ 1,900 பேர் இறந்தார்கள். கிழக்கே இறங்கியது ஆற்று வழியாக 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடி ஆர்மெரோவைப் புதைத்தது.

இது யாரும் எதிர்பாராத விபத்து அல்ல. 1984 கடைசியிலேயே மலை குலுங்கத் தொடங்கிவிட்டது. அடுத்த ஆண்டு ஜூலையில்தான் நிலநடுக்கமானிகள் வைக்கப்பட்டன, அதுவும் ஒரு சில. செப்டம்பர் 11 அன்று ஒரு சிறு வெடிப்பில் சேற்று வெள்ளம் 27 கிலோமீட்டர் ஓடி நின்றது. அக்டோபர் 7 அன்று அந்நாட்டு நிலவியல் துறை அபாய வரைபடம் ஒன்றை வெளியிட்டது. பெரிய வெடிப்பு வந்தால் லஹார் எந்த வழியில் போகும் என்று அதில் வண்ணம் தீட்டிக் காட்டியிருந்தார்கள். ஆர்மெரோ அந்த வண்ணத்துக்குள் இருந்தது. ஒரு மாதம் கழித்து வெள்ளம் ஏறத்தாழ அந்த வரைபடத்தில் கண்டபடியே போனது. இன்னொன்றும் உண்டு. 1845இலேயே அதே பள்ளத்தாக்கில் சேற்று வெள்ளம் வந்து ஏறத்தாழ ஆயிரம் பேரைக் கொன்றிருந்தது. அந்தப் பழைய சேறு காய்ந்து இறுகிய மண்ணின் மேல்தான் ஆர்மெரோ கட்டப்பட்டிருந்தது.

பிறகு ஏன் ஊர் காலி செய்யப்படவில்லை? அதிகாரிகளின் அலட்சியம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். பாதிதான் உண்மை. வீண் பீதி கிளப்புகிறார்கள் என்று வரைபடத்தைப் பத்திரிகைகள் குறைசொன்னன. மக்களை வெளியேற்றி, எதுவும் நடக்காமல் போனால் செலவுக்கும் ஏச்சுக்கும் யார் பதில் சொல்வது என்ற தயக்கம் இருந்தது. சம்பவத்துக்கு ஒரு வாரம் முன்புதான் தலைநகர் பொகோட்டாவில் ஆயுதக் குழு ஒன்று நீதிமன்றக் கட்டடத்தைப் பிடித்து வைத்திருந்தது. அரசின் கவனமெல்லாம் அங்கே இருந்தது.

கடைசி நாளின் கதை இன்னும் வேதனையானது. பிற்பகல் 3 மணிக்குச் சற்றுப் பின் மலை ஒருமுறை வெடித்தது. மாலையில் ஆர்மெரோவின் கூரைகளில் சாம்பல் விழுந்தது. அமைதியாக இருங்கள், வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று வானொலியிலும் ஒலிபெருக்கியிலும் சொன்னார்கள். பிறகு சாம்பல் நின்று மழை பிடித்துக்கொண்டது. ஆபத்து போய்விட்டது என்று மக்கள் நினைத்தார்கள். மேகம் மறைத்ததால் இரவு உச்சியில் நடந்தது யாருக்கும் தெரியவில்லை. பெரும்பாலோர் படுத்துவிட்டார்கள்.

அதே கொலம்பியாவில் நெவாடோ டெல் ஹுயிலா என்று இன்னொரு எரிமலை இருக்கிறது. அதன் தலையிலும் பனி உண்டு. அதன் அடிவாரத்துப் பாயெஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் 1994இல் நிலநடுக்கத்தால் சேற்று வெள்ளம் வந்து ஏறத்தாழ ஆயிரம் பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு அங்கே வாழும் நாசா பழங்குடி மக்கள் எந்தப் பக்கம் ஓடி மேடேற வேண்டும் என்று கற்றுவைத்துக்கொண்டார்கள். பள்ளத்தாக்கின் மேல்பகுதியில், வெள்ளம் வரும்போது தரையில் ஏற்படும் அதிர்வைப் பிடித்து உடனே செய்தி அனுப்பும் கருவிகள் நடப்பட்டன. 2007 ஏப்ரலில் ஹுயிலா வெடித்தபோது ஆயிரக்கணக்கானோர் இரவோடு இரவாக மேடேறினார்கள். ஒருவரும் சாகவில்லை. 2008 நவம்பரில் அதைவிடப் பெரிய வெள்ளம் வந்தபோது பத்துப் பேர் இறந்தார்கள். கருவி கண்டதை மக்களிடம் கொண்டுசேர்க்க வழியும் அதைக் கேட்டு நடக்கப் பழகிய மக்களும் இருந்ததுதான் வித்தியாசம்.

1991இல் பிலிப்பைன்ஸின் பினாட்டுபோ மலையிலும் இதைக் கண்டார்கள். ஐந்நூறு ஆண்டு உறங்கிய மலை வெடிக்கப்போகிறது என்றால் முதலில் பலர் நம்பவில்லை. விஞ்ஞானிகள் ஒரு வீடியோ படத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள். பிற எரிமலைகளின் நெருப்பும் சேறும் எப்படிப் பாய்கின்றன என்று அதில் இருந்தது. பக்கம் பக்கமான அறிக்கை செய்யாததை அந்தப் படம் செய்தது. ஜூன் 15 பெருவெடிப்புக்கு முன்பே பல்லாயிரம் பேர் வெளியேறியிருந்தார்கள்.

பூமி சூடாவதால் இந்தக் கணக்குகள் இப்போது மாறிவருகின்றன. ரூயிஸுக்கு அருகில் சாந்தா இசபெல் மலையில் பனியில் கழிகளை நட்டு ஆண்டுக்கு எவ்வளவு கரைகிறது என்று அளந்துவந்தார்கள். அங்கே கொனெஹெராஸ் என்ற பனியாறு முழுவதும் கரைந்து, 2024இல் அது இல்லாமல் போனதாக அறிவிக்கப்பட்டது. பனி குறைந்தால் ஆபத்தும் குறையும் என்று எண்ணத் தோன்றும். ரூயிஸில் பத்தில் ஒரு பங்கு உருகியதே போதுமானதாக இருந்ததை மறக்கக்கூடாது. இமயமலையில் நிலைமை வேறு. அங்கே பின்வாங்கும் பனியாறுகளின் முன்னால் உருகிய நீர் ஏரியாகத் தேங்குகிறது. சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி அப்படி வளர்ந்ததுதான். செயற்கைக்கோள் படங்களில் பல ஆண்டுகளாகத் தெரிந்த ஆபத்து அது. 2023 அக்டோபரில் அந்த ஏரி உடைந்து, தீஸ்தா ஆற்றின் குறுக்கே சுங்தாங்கில் இருந்த அணையையே அடித்துச் சென்றது.

நம் பக்கம் வருவோம். 2004 டிசம்பர் 26 அன்று சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நிலம் நடுங்கியபோது நம் நேரப்படி காலை ஆறரை மணி. அலை தமிழகக் கரையைத் தொட இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. ஆர்மெரோவுக்குக் கிடைத்த அவகாசத்தைவிட அதிகம் குறைவில்லை. ஆனால் இந்தியப் பெருங்கடலுக்கு அன்று எச்சரிக்கை அமைப்பே இல்லை. புதுச்சேரிப் பகுதியில் நல்லவாடு என்ற மீனவர் ஊரில் மட்டும் ஒன்று நடந்தது. சிங்கப்பூரில் இருந்த அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் செய்தி அறிந்து வீட்டுக்குப் போன் செய்தார். ஊர்த் தகவல் மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே அறிவித்தார்கள். வீடுகளும் படகுகளும் போயின, மக்கள் பிழைத்தார்கள்.

2007 முதல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் இயங்குகிறது. கடலடி அழுத்தமானிகளும் நிலநடுக்கமானிகளும் சேர்ந்து சில நிமிடங்களில் செய்தி தருகின்றன. அங்கிருந்து மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வரை வர வழி இருக்கிறது. அதற்குப் பிறகு நம் தெரு வரை வருவதை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். செல்போன் இல்லாத முதியவர்கள் யார், எழுந்து நடக்க முடியாதவர்கள் எந்த வீட்டில், ஆண்கள் வெளிநாட்டில் இருக்க, பெண்களும் குழந்தைகளும் மட்டும் இருக்கும் வீடுகள் எவை என்று மஹல்லாவில் உள்ளவர்களுக்குத்தான் தெரியும். பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் நள்ளிரவில் அறிவிப்புச் செய்ய வேண்டி வந்தால் சாவி யாரிடம், மின்சாரம் இல்லையென்றால் பேட்டரி இருக்கிறதா, எந்த மேட்டுக்கு எந்தத் தெரு வழியாகப் போவது என்பதையெல்லாம் வடகிழக்குப் பருவமழைக்கு முன் ஒரு ஜும்ஆ முடிந்தபின் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசி எழுதிவைக்கலாம். மாநில அவசரக் கட்டுப்பாட்டு அறை எண் 1070, மாவட்டத்துக்கு 1077. இந்த இரண்டையும் வீட்டுச் சுவரில், குழந்தைகளின் கண்ணில் படும் உயரத்தில் எழுதி ஒட்டுங்கள்.