கார் ஓய்ந்தாலும் மின்சாரம் ஓய்வதில்லை

இலங்கை வீதிகளில் பிரியஸ், அக்வா, வெசல் போன்ற ஹைபிரிட் கார்கள் இன்று சர்வசாதாரணம். ஊர்க் கராஜ்களிலேயே அவற்றைக் கழற்றிப் பூட்டுகிறார்கள். என்ஜின் சத்தம் அடங்கிவிட்டால் கைவைக்கலாம் என்ற எண்ணம்தான் அங்கே உயிருக்கு உலை வைக்கிறது. 'ரெடி' விளக்கு எரிந்துகொண்டிருக்கும் வரை, சத்தமே இல்லாவிட்டாலும் கார் இயங்கும் நிலையில்தான் இருக்கிறது.

உடலுக்கு என்ன ஆகும்?

நேர்மின்னோட்டத்தில் 60 வோல்ட்டைத் தாண்டினாலே ஆபத்து. மூன்றாம் தலைமுறை பிரியஸின் பெரிய பட்டரி சுமார் 200 வோல்ட்; இன்வேர்ட்டர் அதை 650 வோல்ட் வரை உயர்த்தும். இந்த மின்சாரம் நெஞ்சு வழியே பாய்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடலாம். தசைகள் இறுகுவதால் பிடித்த கையை விடமுடியாமல் போகலாம். வியர்வையில் நனைந்த தோல் மின்சாரத்துக்கு இன்னும் எளிதாக வழிவிடும். முனைகள் உரசித் தீப்பொறி பறந்தால் முகமும் கண்ணும் கருகும்.

தொடுவதற்கு முன்

செம்மஞ்சள் நிற வயர்கள் உயர் மின்னழுத்தத்தின் அடையாளம். மோதிரம், கைக்கடிகாரம், சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். 1000 வோல்ட் தாங்கும் ரப்பர் கையுறையும் அதன்மேல் தோல் உறையும் அவசியம். அணியுமுன் கையுறையின் வாய்ப்பக்கத்தைச் சுருட்டி, உள்ளே காற்றை அடைத்து அழுத்துங்கள். ஊசிமுனை அளவு ஓட்டையிலிருந்து காற்று கசிந்தாலும் அந்தக் கையுறை உதவாது.

நிறுத்தும் முறை

1. காரை அணைத்து, 'ரெடி' விளக்கு அணைந்ததை உறுதிசெய்யுங்கள். ஸ்மார்ட் சாவியைத் தொலைவில் வையுங்கள்.

2. 12 வோல்ட் பட்டரியின் எதிர்முனையைக் கழற்றுங்கள். பிரியஸின் பின்கதவு மின்சாரத்தில் திறப்பது. முன்கூட்டியே திறந்து வையுங்கள்.

3. கையுறையோடு, பெரிய பட்டரியின் சர்விஸ் பிளக்கை இழுத்தெடுத்து உங்கள் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். வேறொருவர் தெரியாமல் மாட்டிவிடக் கூடாது.

4. குறைந்தது 10 நிமிடம் பொறுங்கள். இன்வேர்ட்டரிலுள்ள கொள்ளளவியில் தேங்கிய மின்சாரம் வடிய அவ்வளவு நேரம் வேண்டும்.

5. உரிய தரமுள்ள மல்டிமீற்றரால் இன்வேர்ட்டர் முனைகளை அளந்து, பூச்சியம் காட்டினால் மட்டுமே வேலையைத் தொடங்குங்கள்.

பிளக்கை எடுத்தாலும் பட்டரிப் பெட்டிக்குள் மின்சாரம் இருந்துகொண்டேதான் இருக்கும். பெட்டியைத் திறப்பது பயிற்சி பெற்றவரின் வேலை. பிளக் இருக்கும் இடமும் காத்திருக்கும் நேரமும் மொடலுக்கு மொடல் மாறும். அந்தந்தக் காரின் கையேட்டையே பின்பற்றுங்கள்.

ஒருவருக்கு மின்சாரம் தாக்கினால்

வெறுங்கையால் அவரைத் தொடாதீர்கள். மின்காப்புக் கையுறை அணிந்தோ, காய்ந்த மரக்கட்டையாலோ அவரை விலக்குங்கள். உடனே 1990 அம்புலன்ஸை அழையுங்கள். மூச்சில்லை என்றால் நெஞ்சின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துங்கள். எழுந்து நடமாடினாலும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். வெளியே சிறிதாகத் தெரியும் காயம் உள்ளே ஆழமாக எரித்திருக்கலாம். இதயத் துடிப்பை ஈ.சி.ஜி. எடுத்துப் பார்க்க வேண்டும்.

கராஜ் நடத்துபவர்களே, வேலை பழகும் பிள்ளைகளை இந்தப் பயிற்சி இல்லாமல் ஹைபிரிட் காரின் பக்கம் விடாதீர்கள். வாடிக்கையாளர் அவசரப்படுத்தினாலும் அந்தப் பத்து நிமிடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.