அடையாளம் இழக்காத அவரை

கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ காலைச் சந்தைக்குச் செல்பவர்கள் வெண்ணிறத் தௌஃபூ கட்டிகளையும் தெம்பே பொட்டலங்களையும் காணலாம். பக்கத்துக் கடையில் சோயா பால் விற்பனையாகும். இவை அனைத்துக்கும் மூலப்பொருள் சோயா அவரையே. மலேசியாவும் சிங்கப்பூரும் தங்களுக்குத் தேவையான சோயா அவரையை வெளிநாடுகளிலிருந்து இறக்குமதி செய்கின்றன. அவ்வாறு ஏற்றுமதி செய்யும் நாடுகளுள் ஒன்று கனடா. அந்நாட்டின் ஒண்டாரியோ மாநிலத்தில் உணவுத் தரச் சோயா அவரை பெருமளவில் விளைகிறது.

எல்லாச் சோயா அவரையும் ஒரே தரத்தைச் சேர்ந்தது அன்று. உலகில் விளையும் சோயா அவரையின் பெரும்பகுதி எண்ணெய் எடுப்பதற்காக ஆலைகளுக்குச் செல்கிறது. எஞ்சும் பிண்ணாக்கு, கோழி முதலியவற்றுக்குத் தீவனமாகிறது. அங்கு அவரையின் நிறமோ பருமனோ பெரிதாகப் பார்க்கப்படுவதில்லை. உணவு தயாரிப்பாளர்களின் தேவையோ வேறு. தௌஃபூ செய்பவர்கள் புரதம் மிகுந்த, பருத்த அவரையை விரும்புகின்றனர். புரதம் கூடினால் கிடைக்கும் தௌஃபூவும் கூடும். விதை காயோடு ஒட்டியிருந்த இடத்தில் ஒரு தழும்பு இருக்கும். அது கருமையாக இருந்தால் உணவின் நிறம் மங்கக்கூடும். ஆகவே, வெளிர்த்தழும்பு அவரைக்கே வரவேற்பு அதிகம். நாத்தோ எனும் ஜப்பானிய உணவுக்கோ சிறிய அவரையே ஏற்றது.

மற்றொரு தேவையும் உண்டு. மரபணு மாற்றப்பட்ட சோயா அவரை 1996ஆம் ஆண்டு அமெரிக்காவில் வணிக முறையில் பயிரிடப்படத் தொடங்கியது. இன்று அங்குப் பயிரிடப்படும் சோயா அவரையில் 90 விழுக்காட்டுக்கும் மேல் அவ்வகையைச் சேர்ந்தது. ஆனால், உணவு தயாரிப்பாளர்கள் பலர் மரபணு மாற்றப்படாத அவரையையே கேட்கின்றனர். ஜப்பானில் முன்பு, கவனமாகப் பிரித்துக் கையாண்டும் தவறுதலாக 5 விழுக்காடு வரை கலந்திருந்தால், ‘மரபணு மாற்றப்படாதது’ என்று குறிப்பிட இடமிருந்தது. 2023ஆம் ஆண்டு ஏப்ரல் முதல், கலப்பு இல்லை என்று உறுதியானால்தான் அவ்வாறு குறிப்பிட முடியும்.

இரு வகை அவரையும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். அப்படியென்றால், அவற்றை எவ்வாறு பிரித்துக் காப்பது? இதற்காகவே ‘அடையாளம் காத்தல்’ எனும் நடைமுறை பின்பற்றப்படுகிறது. விவசாயி சான்றளிக்கப்பட்ட விதையை மட்டும் விதைக்கிறார். விதைப்பதற்கு முன் விதைப்பு இயந்திரத்தில் பழைய விதை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துத் துடைக்கிறார். பயிர் வளரும்போது வயல் ஆய்வு செய்யப்படுகிறது. அறுவடை இயந்திரம், லாரி, சேமிப்புக் கலன் ஆகிய ஒவ்வொன்றும் பயன்படுத்துவதற்கு முன் சுத்தம் செய்யப்படுகிறது. ஒவ்வொரு கட்டமும் ஆவணத்தில் பதிவாகிறது.

பின்னர், அவரை ஆலையைச் சேர்கிறது. அங்குக் கல், தூசு, களை விதை, உடைந்த அவரை ஆகியவை அகற்றப்படுகின்றன. தோல் உடைந்த அவரையை ஊறவைத்தால் அதன் சத்து நீரில் கரைந்து வீணாகும். அதனால், இங்குக் கூடுதல் கவனம் தேவை. ஈரப்பதமும் அளக்கப்படுகிறது. ஈரம் மிகுந்தால் பூஞ்சணம் பிடிக்கும். மிகக் காய்ந்தால் அவரை எளிதில் உடைந்துவிடும். மரபணு மாற்றம் உள்ளதா என்பதும் சோதிக்கப்படுகிறது. இறுதியில், அவரை மூட்டைகளில் கட்டப்பட்டுக் கொள்கலன்களில் ஏற்றப்படுகிறது. குளிர்நாட்டிலிருந்து வெப்ப நாட்டை நோக்கி வாரக்கணக்கில் பயணம் செய்யும்போது கொள்கலனுக்குள் நீர்த்துளிகள் உருவாகலாம். எனவே, ஈரத்தை உறிஞ்சும் பொருள்கள் உள்ளே தொங்கவிடப்படுவதுண்டு.

இத்தனை உழைப்புக்கும் ஈடாக விவசாயிக்குச் சாதாரண அவரையைவிடக் கூடுதல் விலை கிடைக்கிறது. ஆனால், அந்த விலைக்குப் பின்னால் ஓர் ஆபத்தும் இருக்கிறது. சரியாகத் துடைக்கப்படாத ஒரே ஒரு லாரி போதும். அதில் ஏற்றிய அவரை முழுவதும் கலப்படமாகிவிடும். அந்த அவரை கெட்டுப்போவதில்லை, உண்பதற்கும் தடையில்லை. எனினும், வாங்குபவருக்கு அளித்த உறுதி குலைந்துவிடுகிறது. சோதனையில் கலப்பு தெரிந்தால், அதைச் சாதாரண விலைக்கே விற்க நேரிடும். ஓராண்டு உழைப்பின் பலன் கைநழுவிப் போகும். மறுபக்கம், குறித்த நாளில் அவரை வந்து சேராத தௌஃபூ தொழிற்சாலையின் வேலையும் பாதிக்கப்படும்.

சந்தையில் தௌஃபூ வாங்குபவர் அந்த வயலையும் பார்ப்பதில்லை. அந்த விவசாயியையும் அறிவதில்லை. பொட்டலத்தின் மேலுள்ள எழுத்துகளை நம்பியே வாங்குகிறார். அந்த எழுத்துகளை மெய்யாக்குவது, ஒவ்வொரு கட்டத்திலும் எவரும் பார்க்காதபோதும் தம் வேலையைச் சரியாகச் செய்பவர்களின் நேர்மையே.