250 ஓம் ஹெட்போன் உங்களுக்குத் தேவையா?

மாணவர்களே, ஓம் எண் கூடினால் இசையின் தரமும் கூடும் என்று எண்ணிவிடாதீர்கள். ஓம் என்பது மின்மறுப்பின் அலகு. ஹெட்போனுக்குள் இருக்கும் சுருளில் மெல்லிய கம்பியைப் பல சுற்றுகள் சுற்றினால் மின்மறுப்பு உயரும்.

பேயர்டைனமிக் நிறுவனத்தின் டிடி 770 புரோ 32, 80, 250 ஓம் வகைகளில் வெளிவந்தது. மின்னழுத்தத்தை அதே எண்ணால் பெருக்கி, மின்மறுப்பால் வகுத்தால் மின்திறன் கிடைக்கும். கைப்பேசி 1 வோல்ட் தந்தால், 32 ஓம் ஹெட்போனுக்குச் சுமார் 31 மில்லிவாட் கிடைக்கும்; 250 ஓமுக்கு 4 மில்லிவாட்தான். பாட்டு மெதுவாகவே கேட்கும்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் கூடுதல் மின்னழுத்தம் தரும் ஆம்ப்ளிஃபையர் உண்டு. அங்கே 250 ஓம் பொருந்தும். மெர்லிமாவிலிருந்து மலாக்காவுக்குப் பேருந்தில் போகும்போது கைப்பேசியில் பாட்டுக் கேட்க 32 ஓம் போதும். சேமித்த பணத்தைக் கொடுக்கும் முன், எதில் இணைக்கப் போகிறீர்கள் என்று முதலில் பாருங்கள்.