நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை

இதய நோயாளி இருக்கிற வீடுகளில் சாமி படத்துக்குப் பக்கத்திலோ, தலையணைக்கு அடியிலோ ஒரு சின்ன மாத்திரை அட்டை இருக்கும். நெஞ்சைப் பிடித்தால் நாக்குக்கு அடியில் வைத்துக்கொள்ள டாக்டர் எழுதிக் கொடுத்தது. நம் பக்கத்தில் பெரும்பாலும் ஐசோசார்பைடு டைநைட்ரேட், 5 மில்லிகிராம். அவசரத்துக்கு அதைத் தேடி எடுத்துக் கொடுப்பது யார்? வீட்டுப் பெண்கள்தானே!

"எப்படியும் உள்ளதான போகப்போகுது, முழுங்கினா என்னத்தா?" என்று மேலூரில் என் சின்னம்மா கேட்டார். நியாயமான கேள்வி. விழுங்கிய மருந்து குடலிலிருந்து நேரே கல்லீரலுக்குப் போகிறது. அங்கேயே பெரும்பகுதி சிதைந்துவிடும். மிச்சம் வேலை செய்யவும் நேரமாகும். நாக்குக்கு அடியிலோ தோல் மெல்லியது, ரத்தக் குழாய்கள் அதிகம். கல்லீரலுக்குப் போகாமலே மருந்து ரத்தத்தில் கலந்து, சில நிமிடங்களில் வலியைத் தணிக்கத் தொடங்கும்.

ஆனால் எல்லா மாத்திரையும் அப்படி ஊறிவிடாது. சோழவந்தான் வெற்றிலையோடு புகையிலை அடக்கும் பாட்டிகளைக் கேளுங்கள். சுண்ணாம்பு சேர்ந்தால்தான் 'சுர்'ரென்று ஏறும் என்பார்கள். சுண்ணாம்பின் காரத்தன்மைதான் நிக்கோடினை வாய்த்தோலுக்குள் சுலபமாக நுழைய விடுகிறது. (வாய்ப்புற்றுக்கும் அதுதான் வழி, யாரும் தொடங்கிவிடாதீர்கள்!) சரக்கு ஒன்றுதான், எந்த உருவில் வாய்க்குள் போகிறது என்பதில்தான் விஷயம்.

இதே நெஞ்சுவலி மருந்து, தினமும் விழுங்குவதற்காக மெதுவாகக் கரையும் மாத்திரையாகவும் வருகிறது. பெயரும் ஒரே சாயலில் இருக்கும். அதை நாக்குக்கு அடியில் வைத்தால் அவசரத்துக்கு உதவாது. 'சீக்கிரம் கரையட்டும்' என்று பொடித்துக் கொடுத்தாலோ, பல மணி நேரத்து மருந்து ஒரேயடியாக இறங்கி ரத்த அழுத்தம் சரிந்துவிடும். இரண்டையும் ஒரே டப்பாவில் போடவே கூடாது. சின்னம்மா வீட்டில் எல்லா மாத்திரையும் அட்டையிலிருந்து பிரிந்து ஒரே எவர்சில்வர் சம்புடத்தில் கிடந்தது! நைட்ரோகிளிசரின் மாத்திரையானால் இன்னும் மோசம். மருந்து ஆவியாகிப் போய் வெறும் வில்லைதான் மிஞ்சும். அதனால்தான் அதை இறுக மூடிய கண்ணாடிக் குப்பியில் வைக்கச் சொல்கிறார்கள். அடுப்பு மேடை அலமாரி வேண்டாம், அதுவும் மதுரை வெயிலில்!

பிள்ளைகளின் வாந்திக்கு நாக்கில் கரையும் மாத்திரை கொடுக்கிறோமே, அது வேறு கதை. வாயில் கரைந்தாலும் எச்சிலோடு வயிற்றுக்குள் போய்த்தான் உடம்பில் சேருகிறது. 1980-களில் ரத்தக் கொதிப்பு ஏறினால் நிஃபெடிபின் கேப்ஸ்யூலைக் குத்தி நாக்குக்கு அடியில் விடும் பழக்கம் பரவியது. நாக்கடியில் அது அதிகம் ஊறுவதில்லை. விழுங்கிய பிறகுதான் ஊறி, கொதிப்பைத் தாறுமாறாக இறக்கி, சிலருக்கு பக்கவாதம், மாரடைப்பு வரை கொண்டுபோனது. 1996-ல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் டாக்டர்களே 'நிறுத்துங்கள்' என்று எழுதினார்கள்.

வயதானவர்களுக்கு வாய் வறண்டிருந்தால் மாத்திரை கரையாது. ஒரு வாய் தண்ணீரால் நனைத்துவிட்டு வையுங்கள். உட்கார வைத்துத்தான் கொடுக்க வேண்டும். நின்றால் தலை சுற்றி விழுவார். ஆண்மைக் குறைவுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் கொடுக்கவே கூடாது. முன்பே டாக்டரிடம் கூச்சப்படாமல் சொல்லிவிடுங்கள். ஐந்து நிமிடத்தில் வலி தணியாவிட்டால் உடனே 108-ஐக் கூப்பிட்டு, மாத்திரை வைத்த நேரத்தையும் சொல்லுங்கள்.