‘குக்கீ’ வரியை உலாவி எப்படிப் படிக்கிறது?

ஆயர் ஈத்தாம் - பினாங்குக் கொடிமலை ரயிலின் அடிவார நிலையம் ஆயர் ஈத்தாமில் உள்ளது. அதற்கான பயணச்சீட்டை இப்போது இணையத்திலும் வாங்கலாம். இப்படி எதை வாங்கினாலும், ஒரு பக்கத்தில் நாம் தேர்ந்தெடுத்ததை அடுத்த பக்கத்திலும் இணையத்தளம் மறக்காமல் இருப்பது எப்படி?

இணையப் பக்கங்களைக் கொண்டுவரும் எச்டிடிபி முறைக்கு இயல்பாக நினைவாற்றல் கிடையாது. அக்குறையைத் தீர்க்க, 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பணியாற்றிய லூ மோண்டூலி உருவாக்கியதே ‘குக்கீ’.

பக்கத்தைக் கேட்டதும் சர்வர் அனுப்பும் பதிலில், முதலில் சில தலைப்பு வரிகள் வரும். அவற்றுள் ஒன்று இப்படி இருக்கலாம்:

செட்-குக்கீ: எண்=அ12; மேக்ஸ்-ஏஜ்=3600; செக்யூர்; எச்டிடிபி-ஒன்லி

உலாவி இவ்வரியை அரைப்புள்ளிகளில் துண்டாக்கும். முதல் துண்டில், முதல் சமக்குறிக்கு முன் இருப்பது குக்கீயின் பெயர்; பின் இருப்பது அதன் மதிப்பு. மற்றத் துண்டுகள் நிபந்தனைகள். 3600 என்பது வினாடிக் கணக்கு. ஒரு மணி நேரத்தில் குக்கீ காலாவதியாகும். ‘செக்யூர்’ என்றால் பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே அனுப்ப வேண்டும். ‘எச்டிடிபி-ஒன்லி’ என்றால் பக்கத்தில் இயங்கும் ஜாவாஸ்கிரிப்ட் அதைப் படிக்க முடியாது.

2011இல் வெளியான ஆர்எஃப்சி 6265 விதிமுறைப்படி, தனக்குத் தெரியாத நிபந்தனையை உலாவி கண்டுகொள்ளாது. ஆகவே, தளத்தை அமைப்பவர் ‘எச்டிடிபி-ஒன்லி’ என்பதில் ஓர் எழுத்தைத் தவறவிட்டாலும் எச்சரிக்கை எதுவும் வராது. பாதுகாப்பு மட்டும் இல்லாமல் போகும். பல குக்கீகளைக் காற்புள்ளியிட்டு ஒரே வரியாகச் சேர்ப்பதும் தவறு. காலாவதித் தேதியிலேயே காற்புள்ளி வருவதால், எங்கே வெட்டுவது என்ற குழப்பம் உண்டாகும்.

இதில் நமக்கென்ன? கோயில் வாசலில் காலணிக்குக் கொடுக்கும் டோக்கனைப் போன்றது குக்கீ. யார் கொண்டுவந்தாலும் காலணி அவர் கைக்குப் போகும். அதுபோல், நாம் உள்நுழைந்தபின் கிடைக்கும் குக்கீ பிறர் கையில் சிக்கினால், கடவுச்சொல் இல்லாமலே நம் கணக்கைத் திறக்க வாய்ப்புண்டு.

கடைக் கணினியிலோ பிறர் கைப்பேசியிலோ கணக்கைத் திறந்தால், சன்னலை மூடுவது மட்டும் போதாது. காலக்கெடு உள்ள குக்கீ அங்கேயே தங்கிவிடும். ‘வெளியேறு’ பொத்தானை அழுத்திவிட்டு எழுவதே நல்லது. இணைய மோசடியில் பணம் பறிபோனால், தாமதிக்காமல் தேசிய மோசடி நடவடிக்கை மையத்தின் 997 எண்ணை அழைக்கலாம்.