நார்வே மலையில் வேலி கிடையாது

நார்வேக்குப் புறப்படுகிறவர்கள் பெட்டியில் ஊறுகாய் பாட்டில் இருக்கிறதா என்று இரண்டு தடவை பார்க்கிறார்கள். கம்பளிப் பனியன் இருக்கிறதா என்று ஒரு தடவைகூடப் பார்ப்பதில்லை.

கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. கப்பலில் போகிறவர்கள் உண்டு. அங்கே குடும்பம் நடத்தும் மகனையோ மகளையோ பார்க்கப் போகும் வயதான பெற்றோரும் உண்டு. இவர்கள் யாரும் கெட்ட தண்ணீருக்கோ கொசுக் காய்ச்சலுக்கோ பயப்பட வேண்டியதில்லை. குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம். ஓஸ்லோ ரயில் நிலையத்தில் பிக்பாக்கெட் உண்டு. பர்ஸைப் பார்த்துக்கொண்டால் போதும். நார்வேயில் உயிரை வாங்குபவை மலையும் பனியும் குளிர்ந்த கடலும்தான்.

604 மீட்டர் பள்ளம்

தென்மேற்கே ஸ்டவாங்கர் நகரத்துக்கு அருகில் லீசே ஃபியோர்டு இருக்கிறது. மலைகளைப் பிளந்துகொண்டு கடல் வெகுதூரம் உள்ளே புகுந்திருக்கும் இடத்தை அந்த ஊரில் ஃபியோர்டு என்பார்கள். அதன் கரையில் 'பிரெய்க்கெஸ்தூலன்' என்ற பாறை. பிரசங்க மேடை என்று அர்த்தம். மேலே மொட்டை மாடிபோல் சமதளம்; நீளமும் அகலமும் ஏறக்குறைய 25 மீட்டர். விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தால் 604 மீட்டர் கீழே தண்ணீர். ஸ்ரீரங்கம் ராஜகோபுரத்தை எட்டுத் தடவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் அந்த உயரம் வராது.

அந்த விளிம்பில் வேலி கிடையாது. கம்பி கிடையாது. கயிறுகூடக் கிடையாது.

யாரோ கவனிக்காமல் விட்ட குறை அல்ல இது. நாடு முழுவதும் மலையும் பள்ளமுமாக இருக்கும்போது எங்கே என்று வேலி போடுவது? ஓர் இடத்தில் போட்டால், போடாத இடமெல்லாம் பத்திரமானது என்று ஜனங்கள் நினைத்துவிடுவார்கள். இதுதான் அந்நாட்டாரின் வாதம். நம் பழக்கம் இதற்கு நேர்மாறு. நந்தி மலையில் திப்பு டிராப் பாறைக்குப் போனால் தடுப்பு இருக்கிறது. ஆபத்து என்றால் சர்க்கார் ஏதாவது கட்டி வைத்திருக்கும், கட்டாத இடத்தில் தாராளமாகப் போகலாம் என்று நம் கால்கள் பழகியிருக்கின்றன. இந்தக் கால்களோடுதான் நம்மவர்கள் அங்கே போய் நிற்கிறார்கள், கையில் போட்டோ எடுக்கும் போனுடன்.

'டிரோல்துங்கா' என்று இன்னொரு பாறை. ஏரிக்கு மேல் சுமார் 700 மீட்டர் உயரத்தில் நாக்கை நீட்டியதுபோல் நிற்கிறது. அதன் நுனியில் நின்று எடுத்த படம் உலகமெல்லாம் பரவியதால் கூட்டம் கூடியது. 2015 செப்டம்பரில் ஆஸ்திரேலிய மாணவி ஒருவர் அங்கிருந்து விழுந்து இறந்தார். விழாமல் இருந்தாலே போதாது. ஷெக்கெடால் என்ற இடத்திலிருந்து போய்த் திரும்ப 27 கிலோமீட்டர் நடக்க வேண்டும். 10 முதல் 12 மணி நேரம் ஆகும். படத்தில் இந்த நடை தெரிவதில்லை. ரப்பர் செருப்போடும் அரை பாட்டில் தண்ணீரோடும் மத்தியானம் கிளம்பியவர்களைத் தேடி இரவில் ஆட்கள் மலையேற வேண்டியிருக்கிறது. அந்த ஆட்களில் பலர் செஞ்சிலுவைச் சங்கத்தின் தொண்டர்கள். பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு, கூப்பிட்டால் சாப்பாட்டிலிருந்து எழுந்து போகிறவர்கள்.

திரும்பி வருவது அவமானமல்ல

1967ஆம் ஆண்டு ஈஸ்டர் விடுமுறையில் நார்வே மலைகளில் 18 பேர் மாண்டார்கள். மலையிலேயே பிறந்து வளர்ந்த ஜனங்களுக்கே இந்தக் கதி. அதன்பின் செஞ்சிலுவைச் சங்கமும் மலைப்பயணச் சங்கமும் மலை விதிகளை வீடுவீடாகக் கொண்டு சேர்த்தன. 2016ல் அவற்றைத் திருத்தி எழுதினார்கள். மொத்தம் ஒன்பது விதிகள். எங்கே போகிறாய் என்று சொல்லிவிட்டுப் போ, வானிலை அறிக்கையைப் பார், சின்ன நடைக்கும் மழைக்கும் குளிருக்கும் தயாராகப் போ என்று போகின்றன. அங்கே குழந்தைக்கும் மனப்பாடமான விதி, நேரத்தோடு திரும்பிவிடு, திரும்புவதில் வெட்கம் ஒன்றுமில்லை என்பதுதான்.

நம்மவர்களுக்கு மிகவும் கஷ்டமான விதியும் இதுதான். லட்சக்கணக்கில் செலவழித்து வந்தாயிற்று, நாளை மறுநாள் விமானம், இன்று மேகம் கவிந்திருக்கிறது என்றால் யாருக்குத் திரும்ப மனம் வரும்? ஆனால் அந்த மேகம் ஜூலை மாதத்திலும் உயரத்தில் பனியாகக் கொட்டும். பாதையைக் காட்ட மலைப்பயணச் சங்கம் பாறைகளில் சிவப்பு மையால் 'டி' என்ற எழுத்தைப் போட்டு வைத்திருக்கிறது. ஒரு குறியிலிருந்து அடுத்த குறி தெரியவில்லை என்றால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

கயிறு கட்டிய ஓர் இடமும் உண்டு. அது பனியாற்றின் முகப்பு. யூஸ்தெடால்ஸ் பெரும்பனிப் பரப்பின் ஒரு கிளை நீகார்ட்ஸ் பனியாறு. நீல நிறத்தில் கண்ணைப் பறிக்கும். அசையாத பாறைபோல் தோன்றினாலும் அது நகர்ந்துகொண்டே இருக்கிறது. முன்னறிவிப்பு இல்லாமல் வீடளவு கட்டிகள் உடைந்து விழும். 2014 ஆகஸ்டில் ஒரு ஜெர்மன் தம்பதி தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் பனிக்கட்டியின் அருகே போனார்கள். பனி இடிந்து விழுந்து இருவரும் பிள்ளைகளின் கண்ணெதிரே இறந்தார்கள். எல்லாவற்றுக்கும் வேலி போடாத தேசம் ஓர் இடத்தில் கயிறு கட்டியிருக்கிறது என்றால் அங்கே நிற்க வேண்டும்.

பருத்தி ஆகாது

பெங்களூரில் டிசம்பர் மாதம் போடும் ஸ்வெட்டரை எடுத்துக்கொண்டு போய்ப் பயனில்லை. வடக்கே கராஷோக் என்ற ஊரில் 1886 ஜனவரியில் பூஜ்யத்துக்குக் கீழே 51.4 டிகிரி பதிவானது. பயணிகள் போகும் ஊர்களில் அவ்வளவு கிடையாது. கடலோரத்தில் வெந்நீரோட்டத்தின் புண்ணியத்தால் குளிர் மிதமாகவே இருக்கும். ஆனால் ஈரமும் காற்றும் சேர்ந்துவிடும். பெர்கன் நகரில் வருஷத்தில் 200 நாளுக்கு மேல் மழை.

நமக்கு உகந்த பருத்திப் பனியன் அங்கே சத்துரு. வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு உடம்பைக் குளிரவைத்துவிடும். உடம்பை ஒட்டி மெல்லிய கம்பளி, அதன்மேல் கனத்த கம்பளி, எல்லாவற்றுக்கும் மேல் காற்றும் மழையும் புகாத கோட்டு. இப்படி அடுக்காகப் போட்டால் ஏறும்போது ஒன்றைக் கழற்றலாம். 1980களில் வடகோடி மீன் தொழிற்சாலைகளுக்கு வேலைக்குப் போன இலங்கைத் தமிழர்கள் இந்தப் பாடத்தை உடம்பாலேயே படித்தார்கள்.

குளிரில் ஒருவர் விடாமல் நடுங்கினால், நாக்குக் குழறினால், பேச்சு முன்னுக்குப் பின் முரணாக வந்தால் அது உடல் வெப்பம் இறங்குவதன் அடையாளம். உடனே ஒதுக்கிடம் தேடி, ஈரத் துணியை மாற்றி, போர்த்த வேண்டும். பிராந்தி கொடுக்கக் கூடாது. உள்ளே சூடு ஏறியதுபோல் இருக்கும், உண்மையில் உடம்புச் சூடு வெளியேறும். மரத்துப்போன விரலைப் பனியால் தேய்ப்பதும் நெருப்பில் காட்டுவதும் தவறு. உணர்ச்சி இல்லாத விரல் வெந்தாலும் தெரியாது.

வயதானவர்களுக்கு மலையைவிட வாசற்படிதான் ஆபத்து. குளிர்காலத்தில் நடைபாதையில் கண்ணாடிபோல் பனி உறைந்திருக்கும். வழுக்கி விழுந்தால் இடுப்பு எலும்பு போய்விடும். செருப்புக் கடைகளில் 'பிரோடர்' என்று கேட்டால் ஷூவுக்கு அடியில் மாட்டும் முள் பட்டை கிடைக்கும். வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும். உள்ளூர்க்காரர்களும் மாட்டுகிறார்கள், கௌரவக் குறைவு ஒன்றும் இல்லை. டிரோம்சோ போன்ற வடக்கு ஊர்களில் நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி நடுப்பகுதி வரை சூரியன் உதிப்பதே இல்லை. கறுப்புக் கோட்டுடன் சாலையைக் கடப்பவர் காரோட்டியின் கண்ணில் படமாட்டார். ஒளியைத் திருப்பிக் காட்டும் பட்டையைக் கையில் கட்டுவது அங்கே எல்லோருக்கும் வழக்கம்.

மருந்தும் பணமும்

விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவ இன்ஷூரன்ஸ் கேட்கிறார்கள். எடுத்தாயிற்று என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. ஏற்கெனவே உள்ள சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, இருதயக் கோளாறு ஆகியவற்றுக்குப் பல பாலிசிகள் பணம் தராது. சின்ன எழுத்தைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட வேண்டும். அங்கே வைத்தியம் இலவசம் என்று கேள்விப்பட்டது அங்கே குடியிருப்பவர்களுக்கு. சுற்றுலா விசாவில் போகும் இந்தியர் முழுச் செலவையும் கட்ட வேண்டும்.

மருந்துக் கடையில் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாட்டிக் கிடைக்காது. தங்கும் நாள்களுக்கு வேண்டிய மாத்திரைகளை அட்டையோடும், மருந்தின் மூலப் பெயர் எழுதிய டாக்டர் சீட்டோடும் கைப்பையில் எடுத்துப் போவது நல்லது. இன்சுலின் உறைந்தால் கெட்டுவிடும். அதைக் கோட்டுக்கு உள்ளே, உடம்பை ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும். கோடையில் வடக்கே நடுராத்திரியிலும் வெயில் அடிக்கும். பொழுதைப் பார்த்து மாத்திரை போடுகிறவர்கள் கடிகாரத்தைப் பார்க்கப் பழக வேண்டும்.

கார் ஓட்டுகிறவர்கள் பகலிலும் விளக்கைப் போட வேண்டும். ஒரு கிளாஸ் பீர் குடித்தாலும் ஸ்டீயரிங்கைத் தொடாமல் இருப்பதே புத்தி. சட்டம் அவ்வளவு கடுமை. 8 மீட்டருக்குக் குறைந்த படகு ஓடும்போது உயிர்காப்பு அங்கி போட்டிருப்பது 2015 முதல் கட்டாயம். நீச்சல் தெரியும் என்பது அங்கே பேச்சல்ல. அந்தத் தண்ணீரில் விழுந்தவுடன் குளிர் அதிர்ச்சியில் மூச்சுத் திணறும். சில நிமிஷங்களில் கைகால் சொன்னபடி கேட்காது.

நார்வேயில் தீ விபத்துக்கு 110, போலீசுக்கு 112, ஆம்புலன்சுக்கு 113. உயிருக்கு ஆபத்தில்லாத, ஆனால் காலை வரை பொறுக்க முடியாத வியாதிக்கு 116117. ஆங்கிலத்தில் பேசலாம். மலையில் குளிரால் போன் பேட்டரி சீக்கிரம் செத்துவிடும். போனைச் சட்டையின் உள்பையில் வைக்க வேண்டும். புறப்படுமுன் எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவது என்று ஹோட்டல்காரரிடமோ வீட்டாரிடமோ ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனால், அந்த மணி தாண்டியும் ஆள் வராதபோது எங்கே தேடுவது என்று அவர்களுக்குத் தெரியும்.